வேம்பில் 'ஓர் இலை' என்பது எது?

கேள்வி:
வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாகப் பார்க்கிறேன். பல் பல்லாய் விளிம்புள்ள ஒவ்வொன்றும் தனி இலையா, முழு ஈர்க்குமே ஓர் இலையா?

பதில் 1:
மொட்டைத் தேடுங்கள். அது முழு இலையின் அடியில்தான் வரும். ஈர்க்கு கிளையோடு சேரும் மூலையில் (இலைக்கோணத்தில்) சின்னதாக இருக்கும். நீங்கள் சொல்லும் பல் விளிம்புள்ள சிற்றிலைகளின் அடியில் இருக்காது. ஆக முழு ஈர்க்கும் ஒரே இலை, சிறகுக் கூட்டிலை; அதாவது இறகு மாதிரி இருபுறமும் சிற்றிலைகளாகப் பிரிந்த இலை. முருங்கை இலையும் இப்படித்தான், ஆனால் மூன்று அடுக்காகப் பிரியும்.

பதில் 2:
நுனியையும் பாருங்கள். கிளை நுனியில் வளர்மொட்டு உண்டு, கூட்டிலையில் கிடையாது.

கேட்டவர்:
லென்ஸில் மொட்டு தெரிந்துவிட்டது! அப்போ கீழாநெல்லியும் கூட்டிலைதானே?

பதில் 1:
இல்லை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு இலையடியிலும் கடுகளவு பூவோ காயோ தொங்கும். சிற்றிலையடியில் பூ வராது. அதனால் அவை தனி இலைகள். ஈர்க்கு மாதிரி தெரிவது சிறுகிளை.