தனி ஊசல்: நெருங்கிய அளவீடுகள் துல்லியமானவையா?

வினா: தனி ஊசலால் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவர்களுக்கு விடை எப்போதும் 9.7 மீ/வி² என்பதை ஒட்டியே வருகிறது. இத்தகைய நெருக்கத்தைத் துல்லியம் எனலாமா?

மறுமொழி 1: நெருக்கம் நுட்பத்தையே (அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதை) காட்டும், துல்லியம் என்பது உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பது. எல்லா விடைகளும் உண்மை மதிப்பான சுமார் 9.8-ஐவிட ஒரே பக்கமாகக் குறைவதால் இது முறையான பிழை. எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் நீங்காது. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் ஐயம். ஏனெனில், 1 மீட்டர் ஊசலில் 1 செ.மீ. விடுபட்டாலே விடை 1 விழுக்காடு குறைந்துவிடும்.

மறுமொழி 2: நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் முன்பின் தயக்கம் தற்செயல் பிழை, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து வகுத்தால் அது இருபதில் ஒரு பங்காகும். (முடுக்கம் = 4π² × நீளம் ÷ அலைவு நேரத்தின் இருமடி என்ற சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால், அதன் பிழை விழுக்காடு விடையில் இரட்டிக்கும்.)

வினவியவர்: குண்டின் மையத்தைச் சரியாகக் காண இயலாவிட்டால்?

மறுமொழி 1: சாரா மாறியான (நாமே மாற்றும் அளவான) நீளத்தை மாற்றி மாற்றி, குண்டையும் சிறிய வீச்சையும் (ஊசல் நடுநிலையிலிருந்து விலகும் அளவு) மாற்றாமல், அலைவு நேரத்தின் இருமடிக்கு எதிராக நீளத்தை வரைபடமாக்குங்கள். விடுபட்ட நீளம் மாறிலியாக இருப்பதால் வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்) மட்டுமே நகரும்; சாய்வை 4π² ஆல் பெருக்கினால் முடுக்கம் கிடைக்கும்.