டென்டல் நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க 450 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டுமா? (இங்கிலாந்து)

கடைவாய்ப்பல்:
வணக்கம். நான் லண்டன் ஹாரோ பக்கம் டென்டல் நர்ஸ். மூத்த பிள்ளை பிறந்த பிறகு சனிக்கிழமை காலையில் மட்டும்தான் வேலை, நாலு மணித்தியாலம். 2024 அக்டோபரில் மகன் பிறந்தான், அதோடு அதுவும் நின்றுவிட்டது. என் மச்சாள் ஒராள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன கிழமை வீட்டுக்கு வந்தவ, மூன்று வருஷத்தில் 450 மணித்தியாலம் வேலை செய்த கணக்குக் காட்டாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. பேஸ்லிப் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், 2023 பெப்ரவரியிலிருந்து 300 அளவில்தான் வருகிறது. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு மிச்சம் 150ஐ எங்கே போய்ச் செய்வது? சரியான பயமாக இருக்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ.

சிபிடி (பதிவில் இருப்பவர்கள் தொடர்ந்து செய்ய வேண்டிய படிப்பு) கொஞ்சம் இருக்கிறது. என் ஐந்து வருஷச் சுற்று 2022 ஆகஸ்டில் தொடங்கியது. முதல் வருஷம் 14 மணித்தியாலம், அடுத்தது 9, அதற்கடுத்தது 3, இந்த வருஷம் இன்னும் ஒன்றுமில்லை. முடிய 2027 ஜூலை வரை நேரம் இருப்பதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பல்லாண்டு:
அம்மா, அந்தப் பேஸ்லிப்பையெல்லாம் முதலில் உள்ளே வையுங்கள். உங்கள் மச்சாள் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது அவருடைய விதி. ஆஸ்பத்திரி நர்ஸ்களும் மிட்வைஃப்களும் என்எம்சி என்ற அவர்களுடைய பதிவுச் சபையின் கீழ் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரீவேலிடேஷன் என்ற பதிவுப் புதுப்பிப்பு, 450 மணி நேரம் வேலை, அதோடு 35 மணி நேரம் படிப்பு. நீங்கள் ஜிடிசி, அதாவது பல் துறையினருக்கான பதிவுச் சபை. பல் மருத்துவரோ, ஹைஜீனிஸ்டோ, டென்டல் நர்ஸோ, இத்தனை மணி நேரம் நாற்காலிப் பக்கத்தில் நின்றிருந்தால்தான் புதுப்பிப்போம் என்று ஜிடிசி கேட்பதில்லை. "நர்ஸ்" என்ற பெயர் பொதுவாக இருப்பதால் வரும் குழப்பம் இது. எங்கள் கிளினிக்கிலேயே இரண்டு பேர் இப்படிப் பயந்திருக்கிறார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது, யோசிக்கவில்லை என்று எழுதினீர்களே, அங்கேதான். டென்டல் நர்ஸுக்கு ஐந்து வருடச் சுற்றில் 50 மணி நேரம் சிபிடி, எல்லாம் சான்றிதழோடு. இது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விதி இருக்கிறது, அதைத்தான் பாதிப் பேர் கவனிப்பதில்லை: அடுத்தடுத்து வரும் எந்த இரண்டு வருடத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9ம் 3ம் சேர்த்து 12, தப்பித்தது. அடுத்த ஜோடி 3ம் இந்த வருடமும். இந்த வருடம் பூஜ்யம். ஆக 2026 ஜூலை 31க்குள் 7 மணி நேரம் முடித்தே ஆக வேண்டும், 2027 வரை காத்திருக்க முடியாது. மொத்தத்திலும் 26தான் இருக்கிறது. இந்த 7 போனால் கடைசி வருடத்துக்கு 17 மிச்சம்.

பிரசவ விடுப்புக்கு இதில் தள்ளுபடி கிடையாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான்.

பல் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று. ஜிடிசி கேட்காது என்று ஒரேயடியாக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) வேலைக்குப் பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட் என்று, அந்த வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியல் தனி. கடந்த 12 மாதத்தில் என்எச்எஸ் வேலை செய்ததைக் காட்ட முடியாவிட்டால் அதிலிருந்து பெயரை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊருக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து மாட்டிக்கொண்ட நண்பர் எனக்கு உண்டு. டென்டல் நர்ஸுக்கு அந்த லிஸ்டே கிடையாது, உங்களுக்குக் கவலை வேண்டாம்.

பனிக்காகம்:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டென்டல் அசிஸ்டன்டாக இருந்த காலத்தில் எங்களுக்கு இரண்டுமே இருந்தது, மூன்று வருஷத்தில் 36 கிரெடிட், கூடவே 600 மணித்தியால வேலை. பல் வைத்தியர்களுக்கு 90ம் 900ம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஏழரை மணித்தியாலம் என்றால் நாற்பது கிழமையில் 600 வந்துவிடும். மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில் இருந்தாலும் சமாளிக்கலாம். நான் சமாளித்தேன். பிறகு ஒன்ராறியோவுக்கு வந்தால் இங்கே டென்டல் அசிஸ்டன்டுக்குக் காலேஜ் (இங்கே பதிவுச் சபைக்கு அதுதான் பெயர்) பதிவே இல்லை! ஒரே நாடு, மாகாணம் மாறினால் எல்லாம் மாறுகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வேலை மணித்தியாலம் கேட்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. சோபாவில் இருந்து வீடியோ பார்த்து 50 மணித்தியாலம் சேர்க்கலாம். சக்ஷன் பிடிக்கிற கை வீடியோவில் வராது.

பல்லாண்டு:
பனிக்காகம், கை பழக வேண்டும் என்பது சரி. மணிக்கணக்கு அதைக் காட்டுமா என்பதுதான் என் சந்தேகம். 600 மணி நேரமும் தப்பாகவே ஸ்டெரிலைஸ் செய்தவரும் கணக்கில் பாஸ்தானே? இங்கே ஜிடிசியின் ஒன்பது கொள்கைகளில் ஏழாவது, உன் அறிவுக்கும் திறமைக்கும் உட்பட்டு வேலை செய் என்பது. இடைவெளிக்குப் பிறகு தயாரா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பை நம் தலையிலேயே வைத்துவிட்டார்கள். அது மணிக்கணக்கைவிடச் சுலபம் என்று நான் சொல்லவில்லை.

வேப்பங்குச்சி:
கடைவாய்ப்பல் அக்கா, நானும் டென்டல் நர்ஸ்தான், இரண்டு வருஷம் முன்னம் இதே நிலைமை. அந்த 7ஐ ஏனோதானோவென்று சேர்க்காதீங்கோ. மெடிக்கல் எமர்ஜென்சி சுற்றுக்கு 10 மணித்தியாலம், வருஷத்துக்கு இரண்டு மணித்தியாலமாவது செய்யச் சொல்கிறார்கள். டிஸ்இன்ஃபெக்‌ஷன் 5, ரேடியோகிராஃபி 5. கட்டாயம் என்று இல்லை, ஆனால் வேலைக்குத் திரும்பும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். சிபிஆரை (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமர்த்திச் செய்யும் முதலுதவி) மட்டும் நேரில் போய்ச் செய்யுங்கோ, பொம்மையின் நெஞ்சை அமர்த்திப் பார்த்தால்தான் எவ்வளவு மறந்துபோச்சு என்று விளங்கும்.

சான்றிதழையும் வடிவாகப் பாருங்கோ. நான் காசு கட்டிச் செய்த ஒரு ஆன்லைன் கோர்ஸின் சான்றிதழில் தரம் சரிபார்த்தது யார் என்ற வரியே இல்லை. அந்த வரி, கற்றல் நோக்கம், தேதி, மணித்தியாலம், உங்கள் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். சான்றிதழைத் திருத்தி எடுக்க ஆறு மின்னஞ்சல் போட்டேன். என்ன படிக்கப் போகிறோம் என்று எழுதும் பிடிபி என்கிற திட்டத் தாளும் எழுதி வைக்க வேண்டும், அரைப் பக்கம் போதும்.

ஒன்றுமே செய்யாத வருஷம் என்றாலும் பூஜ்யம் என்று அறிவிக்க வேண்டும், பேசாமல் விடக்கூடாது. ஜூலை 31க்குள் கட்டணமும் இன்டெம்னிட்டி (நோயாளிக்கு நட்டஈடு கொடுக்க நேர்ந்தால் காக்கும் காப்புறுதி) அறிவிப்பும் கொடுக்க வேண்டும். பதிவிலிருந்து பெயர் விழுந்துவிட்டால் திரும்பச் சேரும் வரை டென்டல் நர்ஸ் வேலை செய்ய ஏலாது, திரும்பச் சேரவும் சிபிடி கேட்பார்கள்.

கடைவாய்ப்பல்:
எல்லாருக்கும் நன்றி. தேவையில்லாத மணித்தியாலத்துக்கு ஒரு கிழமை நித்திரை முழித்திருக்கிறேன், தேவையான மணித்தியாலத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியால சிபிஆருக்கு இடம் பிடித்துவிட்டேன், அவர் பிள்ளைகளைப் பார்ப்பார். மிச்சம் ஐந்தையும் மகன் நித்திரை கொள்ளும் நேரத்தில் செய்யப் போகிறேன்.

மச்சாளுக்கு இதை அனுப்பினேன். அவ 450ஐ எப்போதோ தாண்டிவிட்டாவாம், 35 மணித்தியாலப் படிப்பில்தான் இன்னும் 20 குறைகிறதாம்.