மறுமொழி: பவளத்தொட்டி விளக்கின் இரண்டாவது வடத்துக்கு ஒரு சொல்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பெரிய பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்போருக்காக நான் ஒரு கையேடு எழுதிவருகிறேன். தொட்டிக்கு மேல் தொங்கும் விளக்கு தவறி விழுந்தால் பிடித்துக்கொள்ளும் ‘சேஃப்டி கேபிள்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் ஒன்றை இக்குழுமத்தில் கேட்டிருந்தேன். காப்புக்கயிறு, துணைத்தொங்கல், உறி என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 650 லிட்டர் கடல்நீரைக் கொள்ளும். அதன் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, ஐந்தாறு கிலோ எடையுள்ள எல்.இ.டி. விளக்குச் சட்டம் மேல்தளத்திலிருந்து மெல்லிய எஃகு வடங்களில் தொங்குகிறது. அந்த வடங்களில் ஒன்று அறுந்தாலோ அதன் பிடி நழுவினாலோ, சட்டத்தின் ஒரு முனை நேராக உப்புநீருக்குள் இறங்கிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தாலும், விழுகிற சட்டம் கண்ணாடியை உடைத்துவிட்டால் அந்தக் கருவியால் என்ன செய்ய முடியும்? ஆகவே மேல்தளத்தில் வேறொரு கொக்கியிலிருந்து, விளக்கின் சட்டத்துக்கே நேரடியாக இன்னொரு வடம் கட்டுகிறார்கள். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவது வடத்துக்குத்தான்.

இது எனக்கு வெறும் மொழிபெயர்ப்பு வேலையன்று. சென்ற மாதம் என் வீட்டுத் தொட்டியின் விளக்கைத் துடைக்க இறக்கியபோது, கொக்கியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அலைப்பம்பு கிளப்பும் நுண்துளிகள் மேலே ஏறிக் காய்ந்து படிந்த உப்பு அது. துளி பஞ்சை வடத்தின்மேல் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தேன். பிடிக்கு ஒரு விரல் தள்ளிப் பஞ்சு சிக்கி நின்றது. விளக்கொளியில் பார்த்தால் இரண்டு இழைகள் அறுந்து முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு அதுவரை பளபளப்பாகத் தெரிந்த வடம் அது. மாலிப்டினம் கலந்த 316 வகை எஃகு 304 வகையைவிட உப்பை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் அதற்கும் அழிவு உண்டு.

இனி சொற்களுக்கு வருகிறேன். காப்புக்கயிறு என்பதில் குறை, அது எதையும் குறிக்கும் என்பதே. ஏணியில் ஏறுபவர் இடுப்பில் கட்டுவதும் காப்புக்கயிறுதான். துணைத்தொங்கல் என்றால், எடையின் ஒரு பங்கை இதுவும் சுமக்கிறது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். அப்படி எண்ணி அதையும் இழுத்துக் கட்டினால் இரண்டு வடங்களும் நாள்தோறும் சேர்ந்தே தேயும். உறி என்று சொன்ன அம்மையாரின் பரிந்துரை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. உத்திரத்தில் தொங்கும் உறியில் தயிர்ச்சட்டியைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் உறி பானையைப் பகலும் இரவும் சுமப்பது. நம் வடமோ எல்லா நாளும் சும்மா இருந்து, ஒரே ஒரு நொடியில் மட்டும் வேலை செய்வது.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு வினைகள் இருக்கின்றன. தூண் கூரையைத் தாங்குகிறது; தவறி விழுந்த குழந்தையைத் தாய் ஏந்திக்கொள்கிறாள். எனவே எடையைச் சுமக்கும் முதல் வடத்தைத் தாங்குவடம் என்றும், விழுவதைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவதை ஏந்துவடம் என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிகிறது. விளக்கை ஏந்தி நின்றாள் என்றால் உயர்த்திப் பிடித்து நின்றாள் என்றுதானே பொருள், அப்படியானால் விளக்கை எப்போதும் பிடித்திருப்பதே ஏந்துவடம் என்று ஒருவர் படிக்கலாமே? இது வலுவான கேள்வி. தனிச்சொல்லாக நின்றால் அந்தக் குழப்பம் நேரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்குவடத்தோடு இணையாக வரும்போது ஒன்று மற்றொன்றின் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. கையேட்டில் இரண்டும் அருகருகேதான் வரும்.

வடம் என்றால் தேர்வடம் போலப் பருமனாகத் தோன்றாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நகைக்கடையில் இரட்டைவடச் சங்கிலி என்று கேட்டு வாங்குகிறோமே, அதைவிடவா இது மெல்லியது? கம்பி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அதே விளக்கிலிருந்து மின்கம்பியும் தொங்குகிறது. கம்பியை வெட்டு என்று எழுதிவிட்டு எது என்று தெரியாமல் யாரும் நிற்கக் கூடாது. அந்த மின்கம்பி சொருகியைவிடத் தாழ்ந்து தொங்கி, வழியும் நீரைக் கீழே சொட்டவிடும் வளைவுக்குச் சொட்டுவளைவு என்று குழுமத்தில் முன்னர் முடிவான சொல்லில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஏந்துவடத்தை எவ்வளவு தளர்வாக விடுவது என்பதற்குத் தொய்வு என்ற வழக்குச் சொல்லே போதும். அளவு மட்டும் கவனத்துக்குரியது. 6 கிலோ விளக்கு 2 செ.மீ. விழுந்து, அடுத்த 1 செ.மீட்டரில் நிறுத்தப்பட்டால், வடத்தின்மேல் சராசரியாக 18 கிலோ எடைக்குரிய இழுவிசை வரும். அதே விளக்கு 20 செ.மீ. விழுந்து அதே 1 செ.மீட்டரில் நின்றால் அது 126 கிலோவாகிவிடும். தொட்டியைச் சுத்தம் செய்ய விளக்கை மேலே ஏற்றும்போது தொய்வு தானாகவே கூடுகிறது. தண்ணீருக்குள் நம் கை இருப்பதும் அப்போதுதான். ஆகவே வரையறையில் தொய்வையும் சேர்த்து இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

“ஏந்துவடம்: தாங்குவடம் அறுந்தாலோ நழுவினாலோ, விளக்கு நீரைத் தொடுமுன் அதை ஏந்திக்கொள்ளும்படி, தனிக் கொக்கியிலிருந்து இரண்டு விரல் தொய்வுடன் விளக்குச் சட்டத்தில் கட்டப்படும் எஃகு வடம். விளக்கை உயர்த்தினால் இதையும் சுருக்கிக் கட்டவேண்டும்.”

கொக்கி பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கவேண்டும், ஜிப்சம் பொய்க்கூரையில் மாட்டவே கூடாது என்பதை அடுத்த பத்தியில் தனியாக எழுதியுள்ளேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. மின்வடம் என்ற சொல் உங்களிடம் புழக்கத்தில் இருப்பதால், ஏந்துவடம் என்று கேட்டதும் மின்சாரம் பாயும் வடம் என்ற எண்ணம் உங்கள் வீடுகளில் எழுமா? எழும் என்றால், முறுக்கிய கயிற்றைக் குறிக்கும் புரி என்ற சொல்லைக்கொண்டு ஏந்துபுரி என்று மாற்றிக்கொள்ள நான் அணியமாக இருக்கிறேன்.