பின்னால் வந்து மோதியவர் மீதுதான் பிழையா?

கிளட்ச்:
ஒரு கார் இன்னொரு காரின் பின்புறத்தில் மோதிவிட்டால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே பின்னால் வந்தவர்தான் பிழை செய்தவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சாலையோரத்தில் கூடுபவர்களும் காப்பீட்டு அலுவலர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்கள்தானே இடித்தீர்கள்?" இடித்த வண்டி எது என்பது ஒரு கேள்வி, இடிக்கும் நிலையை உண்டாக்கியவர் யார் என்பது வேறொரு கேள்வி. பக்கத்துத் தடத்திலிருந்து குறுக்கே நுழைந்த மறுகணமே பிரேக்கை மிதிப்பவரும், பிரேக் விளக்கு எரியாத வண்டியை ஓட்டுபவரும், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு ரிவர்ஸில் வருபவரும் இந்த வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது. பின்வண்டி ஓட்டுநருக்கு எதிரான இந்த முன்முடிவை அடியோடு கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

தராசுமுள்:
அடியோடு கைவிட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல சட்ட முறைகளில் இது மறுக்கத்தக்க ஊகமாகவே இருக்கிறது. அதாவது, விளக்கம் சொல்லும் பொறுப்பு முதலில் பின்வண்டி ஓட்டுநரிடம் வருகிறது, அவர் ஏற்கத்தக்க விளக்கத்தைச் சான்றுடன் தந்துவிட்டால் ஊகம் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னால் நடப்பதைப் பார்க்கக்கூடியவரும், இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ வசதி உள்ளவரும் அவர்தான் என்பதால் இந்தப் பொறுப்பு அவரிடம் வைக்கப்பட்டிருக்கிறது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, 13ஆம் பிரிவில், முன்வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கப் போதுமான தூரத்தில் பின்வண்டி வர வேண்டும் என்கிறது. 'திடீரென்று' என்பது விதிக்குள்ளேயே இருப்பதால், "அவர் திடீரென்று நின்றுவிட்டார்" என்பது மட்டும் போதிய விடையாகாது.

கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 20 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் 30 மீட்டர் போய்விடும், அதன்பின் காய்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் ஏறக்குறைய 29 மீட்டர் வேண்டும். ஆனால் முன்வண்டியும் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய அதே 29 மீட்டரை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 2 நொடி இடைவெளி, அதாவது 40 மீட்டர், விட்டு வந்தவர் 10 மீட்டர் மிச்சத்துடன் நின்றுவிடுவார். அப்படியும் மோதினார் என்றால், இடைவெளி குறைவாக இருந்திருக்க வேண்டும் அல்லது கவனம் வேறெங்கோ இருந்திருக்க வேண்டும்.

கிளட்ச்:
அதே உடன்படிக்கையின் 17ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பாதுகாப்புக் காரணம் இல்லாமல் எந்த ஓட்டுநரும் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. உங்கள் கணக்கும் இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் நெடுநேரமாக வந்துகொண்டிருந்தன என்று எடுத்துக்கொள்கிறது. நான் விட்டிருந்த 40 மீட்டருக்குள் ஒருவர் நுழைந்து, எனக்கும் அவருக்கும் 8 மீட்டர் மட்டுமே மிஞ்சினால் என்ன செய்வது? நான் அவரைவிட மணிக்கு 5 கிலோமீட்டர் குறைவாக ஓட்டத் தொடங்கினாலும், இழந்த இடைவெளியை மீட்க 23 நொடி ஆகும். அந்த 23 நொடிக்குள் அவர் பிரேக் பிடித்தால், பறிபோன இடைவெளிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? முன்வண்டி வேறொரு வண்டியில் மோதி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாலும் உங்கள் கணக்கு நிற்காது, ஏனென்றால் அப்போது எனக்கு 59 மீட்டர் தேவைப்படும்.

தராசுமுள்:
குறுக்கே நுழைந்ததை மெய்ப்பித்தால் பிழை அவர் பக்கம் நகரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எத்தனை நொடிக்கு முன் நுழைந்தார் என்பதுதான் வழக்கின் உயிர். இரண்டு நொடிக்கு முன் நுழைந்தவரையும், அரை நிமிடத்துக்கு முன் நுழைந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னால் மோதி நின்ற வண்டியைப் பொறுத்தவரை, அதையும் தாண்டிச் சாலையைக் கவனித்திருக்க வேண்டாமா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

சக்கரத்தடம்:
சேதமடைந்த வண்டிகளை மதிப்பிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில், எதைக் கொண்டு எதை மெய்ப்பிக்க முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நசுங்கிய பம்பர் மோதலின் திசையையும், ஓரளவுக்கு வேகத்தையும் சொல்லும், அதற்கு முந்தைய ஐந்து நொடியைச் சொல்லாது. அடி பின்புறத்தின் ஒரு மூலையில் மட்டும், சாய்வாக விழுந்திருந்தால், தடம் மாறும்போது மோதல் நடந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு வலு உண்டு. கடுமையாகப் பிரேக் பிடிக்கும் வண்டியின் மூக்கு தாழும், பின்பக்கம் சற்று உயரும். இரு வண்டிகளிலும் உள்ள அடிகளின் உயரத்தை ஒப்பிட்டால், யார் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ரிவர்ஸில் வந்து இடித்ததா, முன்னோக்கி வந்து இடித்ததா என்பதைக் குறைந்த வேக மோதல்களில் சேதத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம்.

பழைய இழை பல்புகளில் ஒரு வசதி இருந்தது. மோதும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை நீண்டு வளைந்துவிடும், அணைந்திருந்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும் அல்லது உடையும். எல்இடி விளக்குகள் வந்தபின் அந்தச் சாட்சி போய்விட்டது. சாலையில் அழுத்தமான டயர் தடம் இல்லாததால் பிரேக்கே பிடிக்கவில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரம் முழுதாகப் பூட்டிக்கொள்ளாது என்பதால் தடம் மங்கலாகவே விழும், அல்லது விழாமலே போகும்.

அண்மைக்கால கார்கள் பலவற்றில், காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் பெட்டியே மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடியின் வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் ஆகியவற்றைப் பதிந்துவைக்கிறது. பொதுவாக 150 மில்லிநொடிக்குள் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராவது மாறினால்தான் பதிவாகும் என்பதால் லேசான இடிகளில் இதை நம்ப முடியாது. காற்றுப்பை விரியாத மோதலின் பதிவு அடுத்த மோதலில் அழிந்துபோகவும் கூடும்.

பின்கண்ணாடி:
மூன்று கார்கள் அடுத்தடுத்து மோதிக்கொண்டால், நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அவரது நிலை என்ன?

சக்கரத்தடம்:
முதல் காரில் இருந்தவர் எத்தனை அடிகளை உணர்ந்தார் என்பதை உடனே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒரே அடி என்றால், நடுக்கார் நின்றபின் பின்னாலிருந்து தள்ளப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு அடி என்றால் நடுக்கார் முதலில் தானாக மோதியிருக்கலாம். நடுக்காரின் முன்சேதம் பின்சேதத்தைவிடப் பெரிதாக இருப்பதும் அந்தப் பக்கமே சாயும்.

கிளட்ச்:
இவ்வளவு சொன்னபின் என் வாதம் வலுப்பெறுகிறது என்றே நினைக்கிறேன். முன்வண்டியின் பதிவுப் பெட்டியும் அதன் பின்பக்கக் கேமராவும் முன்வண்டிக்காரர் கையில் இருக்கின்றன. மெய்ப்பிக்கும் பொறுப்பை என்மீது வைத்துவிட்டு, சான்றை எதிராளியிடம் வைத்திருப்பது என்ன நியாயம்? பிழையைப் பங்கிட்டுத் தீர்க்கும் இடங்களிலாவது இழப்பீட்டில் ஒரு பகுதி மிஞ்சும். அமெரிக்காவின் அலபாமா, மேரிலாந்து போன்ற சில மாநிலங்களில், பாதிக்கப்பட்டவரிடம் சிறு பங்கு பிழை இருந்தாலே பொதுவாக இழப்பீடு முழுவதும் போய்விடுகிறது.

தராசுமுள்:
சான்று ஒரு பக்கம் குவிந்திருக்கிறது என்பது நியாயமான குறை. அதற்கு மருந்து ஊகத்தை ஒழிப்பதில் இல்லை, சான்றை வெளிக்கொணர்வதில் இருக்கிறது. பதிவை அழிக்கக் கூடாது என்று எதிர்த்தரப்புக்கும் அவரது காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் அறிவித்துவிட்டால், அதன்பின் பதிவு காணாமல் போவதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்படி பல நீதிமன்றங்களில் கேட்க முடியும். ஊகத்தை ஒழித்தால், நின்றிருந்த காரில் அமர்ந்தபடி அடி வாங்கியவரும் எல்லாவற்றையும் மெய்ப்பித்தாக வேண்டிய நிலை வரும். அவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கிளட்ச்:
நின்றிருந்த வண்டிக்கு ஊகம் இருக்கட்டும், அதை நான் விட்டுத்தருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு வண்டிகளுக்கும் அதையே நீட்டுவதை இப்போதும் எதிர்க்கிறேன்.

சக்கரத்தடம்:
எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம். டேஷ் கேமராவின் நினைவக அட்டையை அன்றைக்கே கழற்றி வையுங்கள், ஏனென்றால் பல கேமராக்கள் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிவிடும். அகன்ற கோண லென்ஸ் இடைவெளியைப் பெரிதாகக் காட்டும் என்பதால், படத்தைப் பார்த்துத் தூரம் சொல்லாமல், முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் உங்கள் வண்டி அதைக் கடக்க எத்தனை நொடி ஆனது என்று எண்ணிக் காட்டுங்கள். இரண்டு வண்டிகளும் பழுதுபார்க்கப் போவதற்கு முன்பு, அளவுகோலைத் தரையிலிருந்து நிறுத்தி வைத்து அடிகளின் உயரத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.