தேதி டெஸ்ட் வேறு மெஷினில் உடைந்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

திரி தொடங்கியவர், சென்னை (ஜாவா)

தேதியையும் நேரத்தையும் எழுத்தாக மாற்றும் கோடுக்கு (நிரலுக்கு) டெஸ்ட் (அது சரியான விடை தருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல்) எழுதி, அது இன்னொரு மெஷினிலோ இன்னொரு பதிப்பிலோ உடைந்த அனுபவம் பலருக்கு இருக்கும். எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். என்னுடையதில் ஆரம்பிக்கிறேன்.

ஜாவா நிரல்மொழியின் 17-ஆம் பதிப்பிலிருந்து 21-க்கு மாறினோம். கம்பைல் சுத்தமாக முடிந்தது. டெஸ்ட் ஓட்டினால் ரசீது மாட்யூலில் மட்டும் வரிசையாகச் சிவப்பு (தோல்வி). எதிர்பார்த்தது "3:30 பிஎம்", கிடைத்ததும் "3:30 பிஎம்". இரண்டையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: எண்ணுக்கும் "பிஎம்"முக்கும் நடுவே ஒரு பைட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பைட் இருந்தன. அது சாதாரண இடைவெளி இல்லை. யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரம்) குறுகிய, வரி பிரியாத இடைவெளி.

காரணம் நம் கோடில் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் தேதி எப்படி எழுதப்படுகிறது என்ற தகவலை யூனிகோட் அமைப்பின் சி.எல்.டி.ஆர். தொகுப்பு வைத்திருக்கிறது. 2017-இல் வந்த ஜாவா 9 முதல் அதுதான் இயல்பான ஆதாரம். 2022 அக்டோபரில் வெளியான 42-ஆம் பதிப்பில் ஆங்கில நேர வடிவத்தின் இடைவெளியை மாற்றினார்கள்; ஜாவா 20 அதை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே ஜாவா 16-இல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் "செப்" என்ற மாதச் சுருக்கம் "செப்ட்" ஆகி இதேபோலப் பல டெஸ்ட்டுகளை உடைத்திருக்கிறது.

டீமில் இரண்டு யோசனைகள் வந்தன. பழைய தகவலையே பயன்படுத்தச் சொல்லும் "காம்பாட்" செட்டிங்கைப் போடலாம் என்றார்கள். ஜாவா 23-இல் அதை நீக்கிவிட்டார்கள், ஆகவே அது தீர்வே அல்ல. புது இடைவெளியை அப்படியே டெஸ்ட்டில் ஒட்டிவிடலாம் என்பது இரண்டாவது. அதைச் செய்தால் இன்னும் ஜாவா 17-இல் ஓடும் கிளையில் (கோடின் தனிப் பிரதியில்) உடையும். அடுத்த முறை தொகுப்பு மாறும்போது எல்லா இடத்திலும் உடையும்.

என் கருத்தில், ரசீதில் அச்சாகும் வடிவம் நாம் வாடிக்கையாளருக்குத் தந்த வாக்கு. அதை லைப்ரரியின் (ஜாவாவோடு வரும் ஆயத்தக் கோடு) "குறுகிய வடிவம்" என்ற இயல்பில் விட்டதுதான் கோளாறு. பேட்டர்னை (தேதியை எந்த வரிசையில், எந்தக் குறிகளோடு எழுதுவது என்ற அச்சு) நாமே எழுதி, லோக்கேலையும் (மொழி, நாட்டு அமைப்பு) வெளிப்படையாக "ரூட்" (எந்த நாட்டையும் சாராதது) என்று கொடுத்தோம். நிகழ்நேரத்தைக் கோடு நேராகக் கேட்காமல், வெளியிலிருந்து ஒரு க்ளாக் ஆப்ஜெக்டாக வாங்கிக்கொள்கிறது; டெஸ்ட்டில் நிலையான க்ளாக் கொடுக்கிறோம். இப்போது 17, 21 இரண்டிலும் அதே டெஸ்ட் பச்சை.

கொழும்பு உறுப்பினர்

எங்கட பக்கத்தில் பிரச்சினை வேறு. இலங்கையின் நேரம் எப்போதும் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) +5:30 ஆக இருக்கவில்லை. 1996 மே மாதம் +6:30 ஆக்கினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் +6 ஆக்கினார்கள், 2006 ஏப்ரல் 15-இல்தான் திரும்ப +5:30-க்கு வந்தது. நான் பொறுப்பெடுத்த ஒரு பழைய சிஸ்டத்தில் +5:30 என்று எண்ணாகவே எழுதியிருந்தார்கள். டெஸ்ட்டுகள் முழுக்கப் பாஸ், ஏனெனில் எல்லாவற்றிலும் அண்மைக் காலத் தேதிகள்.

பிறந்த தேதியை அந்தக் கால இலங்கை நேரப்படி நள்ளிரவாக மாற்றி, யு.டி.சி.யில் சேமித்திருந்தார்கள். 2001-இல் பிறந்த பிள்ளையின் நள்ளிரவு, யு.டி.சி.யில் முந்தின நாள் மாலை 6 மணி. அதை +5:30 கூட்டி வாசித்தால் இரவு 11:30. படிவத்தில் பிறந்த தேதி முந்தின நாளாகிவிடும். பெற்றோர் வந்து பிறப்புச் சான்றிதழைக் காட்டிக் கேட்கும்போது, "சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்குது" என்று எப்படிச் சொல்வது?

பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம். வெறும் தேதி வகையாக வைக்க வேணும். நேரம் தேவைப்படும் இடத்தில் எண்ணை எழுதாமல் "ஏசியா/கொழும்பு" என்ற பெயரைக் கொடுத்தால் பழைய மாற்றங்களை நேரவலயத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும். 2006 ஏப்ரல் 15-க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தேதி இப்போது எங்கட டெஸ்ட்டில் நிரந்தரமாக இருக்குது.

பெங்களூரு உறுப்பினர் (ஜாவாஸ்கிரிப்ட்)

கொழும்பு அண்ணா சொன்னதைப் படித்ததும் எங்கள் கதை நினைவுக்கு வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் "2024-03-10" என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை யு.டி.சி. நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கூடவே மணியையும் கொடுத்து வலயத்தை விட்டுவிட்டால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்தியா யு.டி.சி.க்கு முன்னால் இருப்பதால் நம் லேப்டாப்பில் 10-ஆம் தேதி சரியாகவே தெரியும். நியூயார்க்கில் இருப்பவருக்கு 9. இங்கே உட்கார்ந்து எத்தனை தடவை ஓட்டினாலும் இது பிடிபடாது.

தலைகீழாகவும் உண்டு. உள்ளூர்த் தேதியையும் யு.டி.சி. தேதியையும் ஒப்பிடும் டெஸ்ட், இரவு 12-லிருந்து காலை 5:30 வரை மட்டும் நம் மெஷினில் தோற்கும். பில்டு சர்வர் (டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் பொது மெஷின்) யு.டி.சி.யில் இருப்பதால் அங்கே எப்போதும் பாஸ். இராத்திரி வேலை செய்கிறவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பாவம்.

இப்போது நேரவலயச் சூழல் மாறியை (மெஷின் எந்த வலயத்தில் இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் அமைப்பு) மாற்றி ஒரே டெஸ்ட் தொகுப்பைக் கிரிபாட்டியின் கிரிட்டிமாட்டி தீவு (+14), பாகோ பாகோ (−11), காட்மாண்டு (+5:45) மூன்றிலும் ஓட்டுகிறோம். இரண்டு ஓரமும் ஒரு கால்மணி வலயமும் போதும்.

திருச்சி உறுப்பினர் (பைதான்)

சுருக்கமாக: நாளின் முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்க லினக்ஸில் சதவீதக் குறிக்குப் பின் ஒரு கழித்தல் குறி போடுவோம், விண்டோஸில் அது வேலை செய்யாது, ஹேஷ் குறி வேண்டும். ஆல்பைன் (ஒரு சிறிய லினக்ஸ்) கன்டெய்னரில் இயங்குதளத்தின் லோக்கேலை நம்பவே முடியாது. நாங்கள் பேபல் லைப்ரரிக்கு மாறினோம். மொழித் தகவலைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் பதிப்பைப் பூட்டிவைத்தால் எங்கும் ஒரே விடை.

அதன் பிறகும் தமிழில் ஒரு டெஸ்ட் உடைந்தது, அதிலும் அக்டோபர் மாதத்துக்கு மட்டும். லைப்ரரி தந்த "டோ"வில் ஓகாரக் குறி ஒரே எழுத்துக்குறி. டெஸ்ட்டில் இருந்த சொல், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பழைய கோப்பிலிருந்து வந்தது. அதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் சரியாகிவிடும். தமிழில் எதை ஒப்பிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கோவை உறுப்பினர்

எல்லாவற்றுக்கும் நாமே பேட்டர்ன் எழுதினால், அந்தந்த ஊர் வழக்கத்தில் காட்டுவது என்னாவது சகோ?

திரி தொடங்கியவர், சென்னை

திரையில் பயனருக்குக் காட்டுவதை லைப்ரரியிடமே விடுங்கள் சகோ. அங்கே முழு வரியை ஒப்பிடாதீர்கள். பயனரின் லோக்கேலும் வலயமும் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா, வந்த எழுத்தைத் திரும்ப வாசித்தால் அதே தேதி கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரசீது, கோப்புப் பெயர், ஏ.பி.ஐ. (இன்னொரு நிரலுக்கு அனுப்பும் தகவல்) இவற்றுக்குப் பேட்டர்ன்.

பேட்டர்ன் எழுதும்போது ஆண்டுக்குப் பெரிய "ஒய்" போட்டுவிடாதீர்கள். அது வாரக் கணக்கில் வரும் ஆண்டு. 2024 டிசம்பர் 29-ஐ அமெரிக்க லோக்கேலில் கொடுத்தால் 2025 என்று வரும், ஜெர்மன் லோக்கேலில் 2024. மறுநாள் இரண்டிலுமே 2025. டெஸ்ட் பட்டியலில் அந்த இரண்டு நாளையும், 2024 பிப்ரவரி 29-ஐயும் சேர்த்துவிடுங்கள்.