வலை விட்ட இடத்தைச் சொல்லலாமா?

பாம்பன்காற்று:
நேற்று எங்கள் மீன்வாடியில் கிளம்பிய பேச்சு. பக்கத்து நாட்டுப்படகுக்கு நல்ல பாடு, பெட்டி நிறையச் சீலா மீன். எங்கே வலை விட்டீர்கள் என்றால், கண்ணை எடுக்காமல் "தென்கடல்லதான்" என்கிறார். வலையில் அப்பியிருந்தது அச்சு அசல் வடகடல் சேறு. சொல்ல இஷ்டமில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளலாமே, பொய் எதற்கு?

கீழக்கரையான்:
அது பொய்யா? தொழில். ஏலத்தில் வியாபாரி தினமும் "எனக்கு நட்டம்" என்கிறாரே, யாராவது நம்புகிறோமா? சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வாய்மை அதிகாரத்திலேயே, 292ஆம் குறளில், புரைதீர்ந்த நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில்தான் என்கிறார் வள்ளுவர்.

மண்டபத்துக்காரி:
அண்ணன் 'புரைதீர்ந்த' என்பதை வேகமாகத் தாண்டிவிட்டார். யாருக்கும் ஒரு குறையும் வராத நன்மை என்றல்லவா கேட்கிறார் வள்ளுவர்? எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். சித்தப்பா ஒருநாள் கரையில் எல்லாரிடமும் தென்கடல் என்று சொல்லிவிட்டு வடக்கே போனார். ராத்திரி என்ஜின் நின்றுவிட்டது. தேடப் போன 4 வள்ளமும் தெற்கே போயின. வேறெங்கே போகும்? மறுநாள் மதியம் யாரோ தற்செயலாகப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, பேசக்கூட முடியவில்லை.

கீழக்கரையான்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, தங்கச்சி. ஆனால் அந்த ராத்திரி உங்கள் சித்தியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னீர்களா?

மண்டபத்துக்காரி:
இல்லை. "இழுத்துட்டு வாராங்களாம்" என்று அம்மாதான் சொன்னாள். சித்தி அதை நம்பி எழுந்து உலை வைத்தாள். சோறு குழைந்து, ஆறி, விடிந்தும் போனது. அப்புறம் ஒரு வருஷம் அம்மாவோடு பேசவில்லை. சித்தப்பாவை மன்னித்துவிட்டாள், அம்மாவைத்தான் முடியவில்லை.

வடகடல்வாசி:
துரத்தி வந்த கொலைகாரன் கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதினார். அவரை எங்கள் வாடியில் ஒருநாள் உட்கார வைக்க வேண்டும். சரி, விளையாட்டு போதும். வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னால் கடல் முழுக்கக் கேட்கும், விடிவதற்குள் பத்துப் படகு வந்து நிற்கும். கடன் வாங்கி டீசல் போட்டவன் எப்படி வாயைத் திறப்பான்? ஊருக்கு எதையாவது சொல்லுங்கள், வீட்டில் ஒருத்தருக்காவது நிஜம் தெரியட்டும்.

கீழக்கரையான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பாம்பன்காற்று:
இல்லை பாய், நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. மண்டபம் அக்கா, சித்தப்பா இப்போதாவது உண்மை சொல்கிறாரா?

மண்டபத்துக்காரி:
போகும்போது அடுப்படிச் சுவரில் கரியால் 'வ' அல்லது 'தெ' எழுதிவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் சித்தி அழிக்கிறாள். கரையில் கேட்டால் இன்றைக்கும் தென்கடல்தான்.