புதுப்பிப்பு: அம்மாவின் பயாப்சி முடிவு வந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: கர்ப்பப்பை வாயில் செல் மாற்றம் இருந்து, ஆறு வருஷம் முன்பு கர்ப்பப்பையை எடுத்த அம்மாவுக்கு மறுபடி ரத்தக்கசிவு என்று. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் கால்போஸ்கோபி (கருவியால் உள்ளே பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) பார்த்து, பயாப்சிக்குச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை! யோனியின் மேல்பகுதியில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றம், வெய்ன் 2 (VAIN, மூன்று படிகளில் நடுப்படி). பெரும்பாலும் எச்.பி.வி. என்ற, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும் வைரஸால் வருவது. வெய்ன் 1 என்றால் பல சமயம் தானாகவே சரியாகும், கண்காணித்தால் போதுமாம். அம்மாவுக்கு லேசர் செய்தார்கள். அன்றே வீடு திரும்பிவிட்டோம். திரும்ப வரக்கூடும் என்பதால் ஆறு மாதத்தில் மறுபரிசோதனை.

"கர்ப்பப்பையே இல்ல, இனி எதுக்கு டெஸ்ட்டு?" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நம்பி இத்தனை வருஷம் விட்டிருந்தோம். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. அம்மா மாதிரி செல் மாற்றம் இருந்து கர்ப்பப்பையை எடுத்தவர்கள் பரிசோதனையை விடவே கூடாது.

அக்கா மகளுக்கு 11 வயது. எச்.பி.வி. தடுப்பூசி முதல் டோஸ் நேற்று போட்டாச்சு.